மழை ஓய்ந்த பிறகு எங்கே போகலாம்? வடசென்னைக் குடும்பங்களுக்கான சேற்றுக்கால வெளியூர்ப் பயண வழிகாட்டி

மார்கழி பிறந்ததும் வடசென்னையில் வானம் ஒரு மாதத்திலும் தரை இன்னொரு மாதத்திலும் இருக்கும். மேலே இளவெயில் அடித்து, வாடைக் காற்று வீசி, துணிகள் மாடியில் ஒரே பொழுதில் உலர்ந்துவிடும். கீழே, மாதவரத்தின் காலி மனைகளிலும் மணலியின் உட்சாலைகளிலும் மீஞ்சூரின் வயலோரங்களிலும், ஐப்பசி மழை இன்னும் முடிந்தபாடில்லை என்பதுபோல் சேறு கிடக்கும். அரையாண்டுத் தேர்வு விடுமுறை, புத்தாண்டு, பொங்கல், காணும் பொங்கல் ஆகிய எல்லாமும் இந்த ஆறு வாரங்களுக்குள்தான் வருகின்றன. பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்ல ஆண்டில் இதைவிட நல்ல பருவம் நமக்குக் கிடையாது; தரை இதைவிட மோசமாக இருக்கும் பருவமும் கிடையாது.

ஆகவே இந்த வழிகாட்டி ஒரே கருத்தை அடிப்படையாகக் கொண்டது. சேற்றுக் காலத்தில் முதலில் தரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஊரை அதன் பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும். இருபது ஆண்டுகளாகக் குடும்பத்தோடும் நண்பர்களோடும் இப்பகுதியில் சுற்றி வருகிறேன். எங்கள் பயணங்கள் கெட்டுப்போன போதெல்லாம் ஊர் நல்ல ஊராகத்தான் இருந்தது. எந்த மண்ணின் மேல் எத்தனையாவது நாளில் போய் நின்றோம் என்பதில்தான் தவறியிருந்தோம்.

முதல் படி: மழை நின்ற நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்

சென்னையில் ஓராண்டில் பெய்யும் ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. வடசென்னை தட்டையான நிலம். கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உள்ள இந்நிலத்தில் நீர் ஓடுவதைவிடத் தேங்குவதே அதிகம். எனவே பயணத்துக்கு நாள் குறிக்கும்போது நாள்காட்டியில் கடைசியாகக் கனமழை பெய்த தேதியைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து வெயில் அடித்த நாள்களை மட்டும் எண்ண வேண்டும். மூடுபனியும் மேகமுமாகக் கழிந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. என் அனுபவத்தில், கடற்கரை மணல் ஒரு நல்ல வெயில் நாளில் நடக்கத் தகுந்ததாகிவிடுகிறது. செம்மண் சரளைக்கு இரண்டு மூன்று நாள்கள் போதும். களிமண்ணுக்கு ஒரு வாரம்கூடப் போதாது.

இந்தக் கணக்கில் பலரும் தவறவிடும் ஒன்று, மேலிருந்து வரும் தண்ணீர். இங்கே பத்து நாள் மழையே இல்லாவிட்டாலும் ஆறு நிரம்பி வரக்கூடும். பூண்டி நீர்த்தேக்கம் 35 அடி உயரமும் 3231 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடையது. அது நிரம்பும்போது திறக்கப்படும் உபரி நீர் கொசஸ்தலையாற்றில் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து எண்ணூரில் கடல் சேர்கிறது. புழல் ஏரியின் உபரி நீர் நாரவாரிக்குப்பம், வடகரை, வடபெரும்பாக்கம், மணலி, சடையான்குப்பம் வழியாக அதே கொசஸ்தலையாற்றை அடைகிறது. ஆரணியாறோ ஆந்திரத்துப் பிச்சாட்டூர் அணையிலிருந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரிக்கு வருகிறது. பிச்சாட்டூரில் மதகு திறந்தால் பொன்னேரிப் பக்கத்து ஆற்றங்கரைகள் நனைய நமக்கு மழையே தேவையில்லை.

ஆதலால் புறப்படுவதற்கு முந்தைய இரண்டு நாள்களில் மூன்று செய்திகளைப் பார்த்துவிட வேண்டும்: வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு, ஏரிகளின் நீர்மட்டம், உபரி நீர் திறப்பு. ஆற்றைக் கடந்துதான் போக வேண்டிய ஊர் என்றால், அந்தப் பாதையில் உள்ளது உயர்மட்டப் பாலமா தரைப்பாலமா என்று அவ்வூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் அளவு நீர் ஓடினாலும் திரும்பிவிட வேண்டும். நீருக்கடியில் பாலத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்பதும், நடுவில் அரித்துக்கொண்டு போயிருக்கிறதா என்பதும் மேலிருந்து தெரியாது.

இரண்டாம் படி: நான்கு வகைத் தரையை அடையாளம் காணுங்கள்

முதலாவது மணல். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி நீளும் பட்டையில் மணல்தான் அடித்தளம். நீர் கீழே இறங்கிவிடும், கால் அழுந்தினாலும் ஒட்டாது. சேற்றுக் காலத்தில் வடசென்னைக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு இந்தப் பட்டைதான்.

இரண்டாவது களிமண். மேற்கே நகர நகரத் தரை மாறுகிறது. பெரம்பூர், மாதவரம், மணலி, மீஞ்சூர், பொன்னேரி வரை பெரும்பாலும் களிமண் கலந்த நிலம். அதன் மேல்தான் நெல்வயல்களும் ஏரிகளும் அமைந்தன. களிமண் நீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே தோல்போலக் காய்ந்து, வெடிப்புக்கூட விட்டிருக்கும். ஒருவர் ஏறி நின்றால் அடியில் உள்ள ஈரம் பிதுங்கி வெளியே வரும். இந்த மேல்தோலைப் பார்த்து ஏமாறுவதுதான் தை மாதத்தில் அடிக்கடி நடக்கும் தவறு.

மூன்றாவது செம்மண்ணும் சரளையும். செங்குன்றம் என்ற பெயரே மண்ணின் நிறத்தைச் சொல்லிவிடுகிறது. அங்கிருந்து பூண்டி, அல்லிக்குழிக் குன்றுகள் வரை செல்லும் நிலத்தில் கூழாங்கல்லும் சரளையும் மிகுதி. நீர் வடிந்துவிடும், கால் வழுக்கினாலும் புதையாது. துணியில் பட்ட செந்நிறம் மட்டும் எளிதில் போகாது.

நான்காவதும் மிகவும் கவனிக்க வேண்டியதும் கழிமுகத்து உளை. எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டு ஏரியின் ஓரங்களிலும் உள்ள கருஞ்சேறு ஆற்று வண்டலும் கடல் நீரும் கலந்தது. ஓதம், அதாவது கடலின் நீரேற்றம், வற்றும்போது பளபளவென்று சமதளமாகத் தெரியும். விளையாட்டுத் திடல் என்று பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். எண்ணூர்ப் பக்கம் இதனோடு அனல் மின் நிலையச் சாம்பலும் பல இடங்களில் படிந்திருக்கிறது. சாம்பல் படிந்த நிலம் சிமெண்டுத் தரைபோல் வெளிறித் தோன்றும், ஆனால் அதன் உறுதி கண்ணுக்கு மட்டும்தான்.

எந்த மண் என்று ஐயம் வந்தால் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிடிகொழுக்கட்டை பிடிப்பதுபோல் அழுத்தி விரல்களைத் திறந்து பாருங்கள். உதிர்ந்துவிட்டால் தாராளமாக நடக்கலாம். உருண்டையாக நின்று, கட்டைவிரலால் தட்டியதும் உடைந்தால் நடக்கலாம், ஆனால் சரிவுகளைத் தவிர்க்க வேண்டும். விரல் தடங்கள் அப்படியே பதிந்து, தட்டினாலும் உடையாமல், உள்ளங்கையில் ஈரப்பளபளப்பை விட்டுச் சென்றால் அந்தத் தரையில் அன்று உங்களுக்கு வேலையில்லை. மண்ணைக் கையில் எடுக்க விருப்பமில்லாதவர்கள் ஒரு காலை ஊன்றி எடுத்து, அந்தத் தடத்தைப் பத்து எண்ணும் வரை பார்த்திருக்கலாம். தடத்தில் நீர் ஊறி நிரம்பினால் மேலே போகக் கூடாது.

மூன்றாம் படி: நாள் கணக்குக்கு ஏற்ற தரை, தரைக்கு ஏற்ற ஊர்

மழை நின்று நான்கைந்து நாள்கள் ஆகியும் வெயில் முகம் காட்டவில்லையென்றால், கல்லும் சிமெண்டும் பாவிய இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம் நம் பகுதியில்தான் இருக்கிறது. நாட்டில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் அது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? அதற்கருகே உள்ள பழைய ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது. தாத்தா பாட்டியையும் உடன் அழைத்துச் சென்று ஒரு காலைப்பொழுதில் இரண்டையும் பார்த்துவிடலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவில் ஏறினால் திருவொற்றியூர்த் தேரடிவரை காலில் சேறு படாமல் போய் இறங்கலாம். தியாகராஜசுவாமி கோயிலில் ஆதிபுரீசுவரர் புற்று வடிவில் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்கள் மட்டுமே அந்தக் கவசம் விலக்கப்படுகிறது. மழைக்காலத்தின் நடுவிலேயே வரும் அந்த நாள்களில் கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால், முதியவர்களோடு செல்வோர் விடியற்காலையிலேயே போய்விடுவது நல்லது. பெரிய வெளிப்பிராகாரத்தில் கல்தளம் ஈரமாக இருக்கும்போது வெறுங்காலுக்கு வழுக்கும், கைப்பிடித்து நடத்துங்கள்.

பூங்காக்களைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று சொல்வேன். நடைபாதை போட்ட பூங்கா என்றால் போகலாம், ஆனால் புல்தரையில் பிள்ளைகளை விட வேண்டாம். ஈரமான புல்தரையில் ஒரு நாள் பந்து விளையாடினால் மண் இறுகி, வேர் நசுங்கி, கோடை முழுவதும் அந்த இடம் வழுக்கையாகக் கிடக்கும். ரெட்டேரிப் பக்கத்திலும் மாதவரத்திலும் அப்படிப்பட்ட திட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாளாவது நல்ல வெயில் அடித்துவிட்டதென்றால் கடற்கரைக்குப் போகலாம். மணல் உலர்ந்திருக்கும், ஆனால் கடல் அமைதி கொண்டிருக்காது. வாடைக் காற்றுக் காலத்தில் வடக்கிலிருந்து வரும் நீரோட்டம் வலுவாக இருக்கும். திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும் தூண்டில் வளைவுகளும் இருப்பதால் அலை எதிர்பாராத பக்கத்திலிருந்து சுழன்று வரும். அந்தப் பாறைகளில் படிந்த பச்சைப் பாசி, உளையைவிட வேகமாக ஆளை விழவைக்கும். மணலில் உட்காரலாம், பட்டம் விடலாம், சுண்டல் சாப்பிடலாம். பாறை மேல் ஏறிப் படம் எடுப்பதும் முழங்காலுக்கு மேல் நீரில் இறங்குவதும் வேண்டாம்.

பழவேற்காட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காணும் பொங்கலன்று வடசென்னையின் பாதிப் பேர் அங்கே போகிறார்கள் என்று தோன்றுமளவுக்கு அந்த ஊர் நம் மனத்தில் இடம் பிடித்திருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. தமிழ்நாடும் ஆந்திரமும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஆழம் குறைந்த அந்த நீரில்தான் பூநாரைகள் கூட்டமாக இறங்கி இரை தேடுகின்றன. மழை முடிந்த உடனே ஏரி நிரம்பியிருக்கும் என்பதால் பூநாரைகள் தொலைவில்தான் நிற்கும். நீர் வடிய வடிய நெருங்கி வரும். ஆகவே பறவை பார்ப்பதற்காகவே போகிறவர்கள் டிசம்பர் விடுமுறையைவிடத் தை பிற்பகுதியையும் மாசியையும் தேர்ந்தெடுப்பது பயன் தரும். தரையும் அதற்குள் பாதி உலர்ந்திருக்கும்.

டிசம்பரிலேயே போக நேர்ந்தால் ஊருக்குள் இருப்பவற்றைப் பாருங்கள். வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டம், கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த கலங்கரை விளக்கம், மீன் ஏலம் நடக்கும் கரை ஆகியவற்றுக்குச் சேறு மிதிக்காமல் போய் வரலாம். பூநாரையை எப்படியும் பார்த்தாக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால், சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை ஏரியின் நடுவே கரைபோல் ஓடுகிறது. அந்தச் சாலையோரத்தில் நின்றபடியே, காலில் ஒரு துளிச் சேறு படாமல், இருநோக்கி வழியாகப் பறவைகளைப் பார்க்கலாம். நான் போனவற்றில் சேற்றுக் காலத்துக்கு மிகப் பொருத்தமான பறவைப் பயணம் இதுதான்.

படகுச் சவாரியைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணிகள் சென்ற படகு கவிழ்ந்து, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். முகத்துவாரத்தில் ஆற்று வெள்ளமும் கடல் அலையும் மோதும் இடத்தில் படகு எப்படி ஆடும் என்பது கரையில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. யாராவது பணம் வாங்கிக்கொண்டு மீன்பிடிப் படகில் ஏற்றிச் செல்கிறேன் என்று அழைத்தால், உயிர்காப்பு உடையும் அனுமதியும் இல்லாத அந்தப் படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

எண்ணூர்க் கழிமுகத்துக்குள் இறங்குவதை நான் பரிந்துரைக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்து அந்தக் கழிமுகம் முழுவதும் படர்ந்தது. அலையாத்திச் செடிகளின் தண்டுகளில் கறுப்புக் கோடு விழுந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாலத்தின் மேல் நின்று பறவைகளையும் படகுகளையும் பார்க்கலாம். கீழே அந்தச் சேறு மீனவர்களுக்கும் இறால் பிடிப்பவர்களுக்கும் பிழைப்பு. நமக்கு விளையாட்டு மைதானம் அல்ல.

உண்மையாகவே காலாற நடக்க வேண்டும், மலையேற வேண்டும் என்பவர்களுக்கு மேற்கே பூண்டிப் பக்கம்தான் விடை. பூண்டிக்கு அப்பால் உள்ள குடியம் குகைகளுக்குச் செல்லும் பாதை, கூழாங்கல் பொதிந்த பாறை நிலத்தின் மேல் போகிறது. மழை நின்ற மூன்றாம் நாளே அது நடக்கத் தகுந்ததாக இருந்ததை இருமுறை கண்டிருக்கிறேன். காலில் இடறும் அதே வகைக் கற்களைக் கொண்டுதான் கற்கால மனிதர்கள் கைக்கோடரி செய்தார்கள். அருகிலுள்ள அத்திரம்பாக்கம் 1863 முதல் உலகத் தொல்லியலாளர்களுக்குத் தெரிந்த இடம். வனத்துறையின் மலையேற்றத் திட்டத்தில் குடியம் சேர்க்கப்பட்டிருப்பதால் இணையத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு செல்லலாம். போகும் வழியில் பூண்டி அகழ்வைப்பகத்தில் அந்தக் கற்கருவிகளைப் பார்த்துவிட்டுச் சென்றால், நடக்கும்போது பிள்ளைகள் தரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

ஆந்திர எல்லைக்கு அப்பால் உள்ள தடா அருவியை மாசிக்குத் தள்ளிப்போடுங்கள். மலையில் பெய்த மழை கீழே வெயில் அடிக்கும்போது திடீர் வெள்ளமாக வரும். நிரம்பிய ஏரிக்கரைகளையும் விட்டுவிடுங்கள். 21 அடிக்கு மேல் நீர் நிற்கும்போது புழல் ஏரிக்கரை நடைப்பயிற்சிக்கான இடம் அல்ல. சிறுவாபுரி முருகன் கோயில், ஞாயிறு கிராமத்துச் சூரியன் கோயில், மீஞ்சூரின் வடகாஞ்சிக் கோயில் ஆகிய இடங்களுக்குத் தார்ச்சாலை உண்டு என்பதால் எந்த வாரத்திலும் போகலாம். சிறுவாபுரிக்குச் செவ்வாய்க்கிழமையைத் தவிர்த்தால் வண்டி நிறுத்த வயலோரத்தில் இறக்க வேண்டிய நிலை வராது. அந்த ஊர்களில் அழகாகத் தெரிகிறதென்று வரப்பின் மேல் ஏறி நடப்பதை மட்டும் செய்யாதீர்கள். தையில் நெல் முற்றி நிற்கும். ஈர வரப்பை நான்கு பேர் மிதித்தால் உடையும், உடைந்தால் ஒரு விவசாயி மண்வெட்டியோடு அரை நாள் குனிந்து நிற்க வேண்டும்.

நான்காம் படி: போகும் வழியை முடிவு செய்யுங்கள்

சேற்றுக் காலத்தில் ரயிலே சிறந்தது. சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார ரயில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி என்று நம் பகுதி முழுவதையும் தொட்டுச் செல்கிறது. சில வண்டிகள் சூளூர்ப்பேட்டை வரை போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் அத்திப்பட்டுக்குப் பிறகு நீர் நிற்கும் வயல்களில் நத்தைகுத்தி நாரைகளையும் கொக்குகளையும் பார்க்கலாம். அந்த அரை மணி நேரமே பாதிச் சுற்றுலா.

இருசக்கர வண்டியில் போவோர் இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். களிமண் சாலையில் சில நூறு மீட்டர் ஓட்டினாலே டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். அப்போது வேகம் கொடுக்காமல் இறங்கி, குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். வண்டியை நிறுத்தும்போது சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லையோ ஓட்டுத் துண்டையோ வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் திரும்பி வருவதற்குள் ஸ்டாண்டு மெல்ல மண்ணுக்குள் இறங்கி வண்டி படுத்திருக்கும். காரில் செல்வோர் தார்ச்சாலையை விட்டு நான்கு சக்கரத்தையும் இறக்கவே கூடாது.

ஐந்தாம் படி: காலுக்கும் பைக்கும் வேண்டியவை

ரப்பர் செருப்பு சேற்றுக்கு எதிரி. களிமண் அதை அடியோடு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். காலை எடுக்கும்போது வார் பிய்ந்துவிடும். பின்பக்கம் பட்டை கட்டிய சாண்டல் ஓரளவுக்குச் சரி; கெட்டியான அடியுள்ள கான்வாஸ் காலணி அதைவிட மேல். வெறுங்காலோடு நடப்பது இயல்புதானே என்று சிலர் கேட்பார்கள். வயலில் அது இயல்பு. நகரத்து ஓரங்களில் சேற்றுக்குள் கண்ணாடிச் சில்லும் ஆணியும் கிளிஞ்சல் ஓடும் கிடக்கின்றன. ஜீன்ஸ் நனைந்தால் கனத்துப்போய் மாலைவரை உலராது. மெல்லிய பருத்திக் கால்சட்டை போதும். பெண்கள் புடவையைவிடச் சுடிதாரில் வந்தால் எளிது. துப்பட்டா பல நேரங்களில் கைப்பிடிக் கயிறாகவும் உதவும்.

பையில் இரண்டு லிட்டர் சாதாரணத் தண்ணீர், பழைய துண்டு, மாற்றுக் காலுறை, காலணியைப் போட்டு வைக்கப் பெரிய பிளாஸ்டிக் பை, கிருமிநாசினிக் களிம்பு, கொசு விரட்டி ஆகியவை இருக்க வேண்டும். காலில் ஆறாத புண்ணோ வெட்டோ உள்ளவரும், சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவரும் சேறு உள்ள இடத்துக்கு வராமல் இருப்பதே நல்லது; அவர்களுக்காகக் கல்லும் சிமெண்டும் பாவிய இடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறாம் படி: போய்ச் சேர்ந்த பிறகு தரையிடம் கேளுங்கள், ஊர்க்காரரிடமும் கேளுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதக் காலையில் பழவேற்காட்டு ஏரியோரம் நின்றுகொண்டிருந்தோம். முந்நூறு அடி தொலைவில் கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்தன. இன்னும் பத்தடி போனால் படம் தெளிவாக வரும் என்று நான் காலை எடுத்து வைத்தபோது, இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடி கைகளாலேயே இறால் துழாவிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். இறாலைப் போட்டுவைக்கும் பனையோலைக் கூடையான பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தவர், அதைக் கைக்கு மாற்றிக்கொண்டு, "அங்க காலு வெக்காதீங்க தம்பி, உள்ள வாங்கிடும்" என்றார். நான் நின்ற இடத்துக்கும் அவர் காட்டிய இடத்துக்கும் நிறத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. "எப்படிம்மா தெரியுது?" என்று கேட்டேன். நண்டு வளை இருக்கும் இடம் கெட்டி, வளையே இல்லாமல் வழவழவென்று இருக்கும் இடம் உளை என்று விளக்கினார். அவர் சொன்ன இடத்தில் என் மகள் ஒரு கம்பை ஊன்றிப் பார்த்தாள். முழங்கையளவு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது.

அன்றிலிருந்து எந்த நீர்நிலைக்குப் போனாலும், இறங்குவதற்கு முன்பு அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரிடம் கேட்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. "இந்தப் பக்கம் போகலாமா?" என்று கேட்டால் மரியாதைக்காகப் போகலாம் என்றுதான் பலரும் சொல்வார்கள். "நீங்க எந்த வழியா இறங்குவீங்கம்மா?" என்று கேளுங்கள். அவர்கள் கை காட்டும் வழி நம் கண்ணுக்குப் பட்ட வழியாகப் பெரும்பாலும் இருக்காது. கழிமுகத்தில் நாளொன்றுக்கு இருமுறை ஓதம் ஏறி இருமுறை வற்றும் என்பதால், வரும்போது வற்றியிருந்த வழி திரும்பும்போது இருக்குமா என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியும் யாராவது புதைந்துவிட்டால் பதற்றமே முதல் ஆபத்து. காலை நேர்மேலே இழுக்கக் கூடாது. இழுக்க இழுக்க மற்றக் கால் இறங்கும். பின்பக்கமாகச் சாய்ந்து, உட்காருவதுபோல் உடல் எடையைப் பரப்பி, புதைந்த காலை முன்னும் பின்னும் சிறிதாக ஆட்ட வேண்டும். ஆட்டும்போது காலைச் சுற்றி நீர் இறங்கி, சேற்றின் பிடி தளரும். காலணி போனால் போகட்டும். உதவிக்கு வருபவர் அருகே வந்து நிற்காமல், கெட்டித் தரையில் நின்றபடி பலகையையோ தென்னை மட்டையையோ நீட்ட வேண்டும். முழங்காலுக்கு மேல் புதைந்து ஓதமும் ஏறத் தொடங்கினால் உடனே 112-ஐ அழைத்துவிட்டு, அருகிலுள்ள மீனவர்களைக் கூப்பிடுங்கள்; அவர்களே முதலில் வந்து சேர்வார்கள்.

ஏழாம் படி: வீடு திரும்பிய பிறகு

ரயில் ஏறும் முன்பே கொண்டுபோன தண்ணீரில் காலைக் கழுவி, துண்டால் விரல் இடுக்குகளை உலர்த்திவிடுங்கள். ஈரம் தங்கினால் இரண்டு நாளில் சேற்றுப்புண் அரிக்கத் தொடங்கும். வீட்டில் சோப்புப் போட்டு மறுபடியும் கழுவி, முழங்காலுக்குக் கீழே கீறல் எதுவும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிள்ளைகள் கீறலைச் சொல்ல மாட்டார்கள். ஆணியோ சில்லோ கிழித்திருந்தால், கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டோம் என்பதை மருத்துவரிடம் சொல்லி முடிவு செய்யுங்கள்.

காலணியின் களிமண்ணை ஈரமாக இருக்கும்போதே குழாயில் கழுவினால் சாக்கடைதான் அடைக்கும். ஒரு நாள் காயவைத்து, இரண்டையும் ஒன்றோடொன்று தட்டினால் ஓடுபோல் பெயர்ந்து விழும். அதைத் தொட்டியில் போட்டுவிடலாம். உட்புற ஈரத்துக்குச் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நிழலில் வைக்க வேண்டும். நேர்வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும்.

எலிச் சிறுநீர் கலந்த தேங்கு நீரும் சேறும் தோலிலுள்ள சிறு வெட்டுகள் வழியே எலிக்காய்ச்சலைக் கொண்டுவரக் கூடும். அது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்கள் கழித்தே வெளிப்படுவதால், பயணத்தையும் காய்ச்சலையும் யாரும் சேர்த்து நினைப்பதில்லை. எனவே போய் வந்த தேதியை நாள்காட்டியில் எழுதி வையுங்கள். அடுத்த மூன்று நான்கு வாரங்களுக்குள் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், கடையில் மாத்திரை வாங்கிப் பார்க்காமல் மருத்துவரிடம் போய், எந்தத் தேதியில் எந்த ஊர்ச் சேற்றில் நடந்தோம் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.